விலங்குகளை வைத்துச் சோதனை செய்யலாமா? நம்ம பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கத்தில் ஒரு மருந்தியல் கல்லூரி. அங்கே எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் விலங்கு நெறிக்குழு அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் அறிவியல் துறையைச் சேராத, சமூக அக்கறையுள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் அந்த இடத்தில் இருக்கிறேன். இது ஊருக்குத் தெரிந்ததிலிருந்து கல்யாண வீடு, பாறசாலை பஸ், பிள்ளைகளின் விடுதி வாசல் என்று எங்கே போனாலும் ஒரே மாதிரிக் கேள்விகள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, சோதனைன்னா எலி மட்டும்தானா? வேற என்னத்தையெல்லாம் எடுப்பாவ?

பெரும்பாலும் எலியும் சுண்டெலியும்தான். நம்ம ஊர்க் கல்லூரிகளில் இருப்பவை விஸ்டார் வகை வெள்ளை எலி, ஸ்விஸ் அல்பினோ சுண்டெலி. அடுத்து முயல், கினிப்பன்றி. பெரிய நிறுவனங்களில் செம்மறியாடு, பன்றி, நாய், குரங்கு வரை உண்டு. எலி, முயல் போன்றவற்றுக்குக் கல்லூரியின் நெறிக்குழுவே அனுமதி தரலாம். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கென்றால் டெல்லியில் உள்ள மத்தியக் குழு வரை போக வேண்டும்.

நேரா மனுசனுக்கே குடுத்துப் பாத்தா என்ன? மருந்து மனுசனுக்குத்தானே?

அப்படிக் கொடுத்துப் பார்த்த காலம் இருந்தது. 1937-இல் அமெரிக்காவில் கிருமியை அடக்கும் சல்பா மருந்தைப் பிள்ளைகள் குடிக்கும்படி திரவமாக்கினார்கள். கரைக்கப் பயன்படுத்தியது டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம். ஒரு விலங்குக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காமல் விற்பனைக்கு அனுப்பினார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். மறுவருடமே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது.

அதன்பிறகு நாஜி டாக்டர்கள் கைதிகளின் உடம்பில் செய்த சோதனைகள் வெளியே வந்தன. அந்த டாக்டர்கள் மீது நடந்த வழக்கின் முடிவில், 1947-இல், மனிதர் மீதான ஆராய்ச்சிக்கு நெறிமுறை எழுதினார்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் முதல் விதி. விலங்குச் சோதனையின் முடிவுகளைப் பார்த்த பிறகே மனிதரிடம் வர வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. மனிதரைக் காப்பாற்ற எழுதிய விதி விலங்கின் தலையில் ஏறிய இடம் இது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

இதனால உண்மையிலேயே ஏதாவது நன்மை கிடைச்சிருக்கா? இல்ல சும்மா சொல்லுதாவளா?

கிடைத்திருக்கிறது. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொல்லும் கிருமியை ஏற்றி, நாலுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மருந்து கிடைக்காத நாலும் செத்துக் கிடந்தன, மற்ற நாலும் உயிரோடிருந்தன. 1921-இல் டொராண்டோவில் நாய்களின் கணையத்தை எடுத்துச் செய்த சோதனையிலிருந்துதான் இன்சுலின் வந்தது. அதன்பின் 1982 வரை சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்.

நம்ம பக்கத்திலேயே ஒன்று உண்டு. நெஞ்சில் கோளாறென்றால் நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். அங்கே டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. முந்தைய வடிவங்கள் தோற்று, நாலாவது வடிவம்தான் தேறியது. அது மனிதருக்கு வருமுன் செம்மறியாடுகளின் நெஞ்சில் துடித்தது. இன்று அந்த வால்வோடு நடமாடும் ஆட்கள் நம்ம தெருவிலேயே இருக்கலாம்.

தெருநாயைப் பிடிச்சு வண்டியில ஏத்துறது இந்தச் சோதனைக்குத்தான்னு சொல்லுதாவளே?

இல்லை. நகராட்சியோ பஞ்சாயத்தோ பிடிப்பது கருத்தடை செய்யவும் வெறிநோய்த் தடுப்பூசி போடவும். அதற்குத் தனி விதிகள் உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு வரும் விலங்கு, பதிவு பெற்ற இடத்தில் வளர்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். 1998-இல் வந்த விதிகள் இதைச் சொல்கின்றன. வாங்கிய ரசீது, எண்ணிக்கை, என்ன ஆயிற்று என்ற பதிவேடு எல்லாம் கல்லூரியில் இருக்க வேண்டும். எங்கள் குழு கூடும்போது நான் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பதிவேட்டைத்தான். வங்கியில் இருந்த பழக்கம்.

எலிக்கு வலிக்குமா? வலிச்சாலும் அது வாயத் திறந்து சொல்லுமா?

வலிக்கும். எலி இரையாகிப் பழகிய உயிர். அடிபட்டதைக் காட்டிக்கொண்டால் பருந்தும் பூனையும் முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் சத்தம் போடாமல் ஒடுங்கும். சத்தம் இல்லையென்பதால் வலி இல்லையென்று சொல்ல முடியாது. 2010-இல் கனடாவில் ஒரு குழு சுண்டெலியின் முகத்தைப் படம் பிடித்து வலியை அளக்கும் முறையை வெளியிட்டது. கண் இடுங்கும், மூக்கின் மேடும் கன்னமும் புடைக்கும், காது பின்னால் போகும், மீசை நிமிரும் அல்லது ஒட்டிக்கொள்ளும். பழகிய கண்ணுக்கு இது தெரியும்.

கல்லூரிகளில் அதிகம் நடக்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற பொருளைக் கரைத்து எலியின் பின்னங்கால் பாதத்தில் 0.1 மில்லி ஊசி போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பாதம் சிவந்து உருண்டு வரும். மணிக்கொரு தடவை அந்தக் காலைக் கணுக்கால் கோடு வரை ஒரு குழாயில் முக்கி, எவ்வளவு திரவம் ஏறுகிறது என்று பார்த்து வீக்கத்தை அளப்பார்கள். வீக்கம் குறைக்கும் மருந்தைச் சோதிப்பது இப்படித்தான். எலி அந்தக் காலை ஊன்றாமல் மூன்று காலில் நகர்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வலி இருக்காது என்று விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம், அந்தக் காலைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முடிஞ்ச பிறகு வெளிய விட்டுருவாவளா?

எலியென்றால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்து நுண்நோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். அது தேவைப்படாத இடத்திலும் ஆய்வுக்கூட எலியை ரப்பர்க் காட்டில் விட்டால் அன்றைக்கே எதற்காவது இரையாகும். கொல்வதற்கும் முறை உண்டு. மயக்க மருந்தை அதிகமாகக் கொடுப்பது போன்ற அங்கீகரித்த வழிகளில்தான் செய்ய வேண்டும், பழகியவர்தான் செய்ய வேண்டும். நாய் போன்ற பெரிய விலங்குகளுக்கு மறுவாழ்வு கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கான செலவும் அவர்களுடையதே.

இதையெல்லாம் யாரு கேப்பா? கேரளாவுல ஒரு சட்டம், தமிழ்நாட்டுல ஒரு சட்டமா?

இரண்டு பக்கமும் ஒரே சட்டம்தான், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர் பரதநாட்டியத்தால் நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் வந்தபின் விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அந்தச் சட்டம் சோதனையைத் தடை செய்யவில்லை, நிபந்தனை போடுகிறது. வேறு வழியிருந்தால் விலங்கைத் தவிர்க்க வேண்டும். சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடக்கூடாது. வலி தரும் அறுவையென்றால் மயக்க மருந்து வேண்டும். கைப்பழக்கத்துக்காக மட்டும் விலங்கை அறுப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். இவற்றைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு இருக்கிறது. உள்ளே வேலை பார்க்கும் விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், மத்தியக் குழு அனுப்பும் வெளியாட்கள் சேர்ந்தது அது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. குழு வாயைத் திறந்தால்தான் பலன்.

கோழி திங்கோம், மீன் திங்கோம், வீட்டுல எலிப்பொறி வைக்கோம். அப்ப ஆராய்ச்சிக்காரன் எலியைக் கொன்னா மட்டும் என்ன குத்தம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் சாப்பாட்டுக்குச் சாகும் உயிர்கள் எத்தனையோ மடங்கு. அதில் சந்தேகமே இல்லை. கசாப்புக்கடையில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் ஆய்வுக்கூடத்தை மட்டும் திட்டுவது எனக்கும் பொருத்தமாகப் படவில்லை.

ஆனால் இங்கே நடந்தால் அங்கேயும் நடக்கலாம் என்று அதற்கு அர்த்தமாகாது. பொறியில் விழுந்த எலி அன்றைக்கே போய்விடும். ஆய்வுக்கூட எலிக்கு நாமே நோயை உண்டாக்குகிறோம். கணையத்தைக் கெடுத்துச் சர்க்கரை வரவைக்கிறோம், வாரக்கணக்கில் அதோடு வாழ வைக்கிறோம், அதற்கென்றே பிறக்க வைக்கிறோம். அந்த உயிருக்கு நாம் வரவழைத்துக் கொடுத்த துன்பம் அது. அதற்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

குதிரையிலிருந்து பாம்புக்கடி மருந்து எடுக்காவளாமே? குதிரை செத்துப்போகுமா?

நம்ம பக்கம் பாம்புக்கடி பேச்சு இல்லாத வீடு கிடையாது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள் சருகில் கால் வைப்பது விரியன் மேலாக இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவதுதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறது. அதைக் குதிரைக்குக் கொல்லாத அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊசி போடுவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்பை உருவாக்கும். பிறகு ரத்தத்தை எடுத்து, நீர்ப்பகுதியைப் பிரித்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றுவார்கள்.

குதிரை சாவதில்லை. ஆனால் ஊசி போட்ட இடம் புண்ணாகும், அடிக்கடி ரத்தம் கொடுத்து இளைக்கும், வருடக்கணக்கில் அதுதான் அதன் பிழைப்பு. இதில் யாரும் சொல்லாத ஒன்று: ஒவ்வொரு தொகுதி மருந்தின் வீரியத்தையும் சுண்டெலியில்தான் அளக்கிறார்கள். விஷத்தையும் மருந்தையும் கலந்து ஊசி போட்டு, எத்தனை எலி பிழைக்கிறது, எத்தனை சாகிறது என்று எண்ணுவார்கள். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தை முறிக்க வேண்டும் என்ற கணக்கு எலிகளின் உயிரில் எழுதியது.

இன்றைக்கு இதற்கு மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. அதனால் குதிரையை நல்லபடி வைத்துக்கொண்டு இது நடக்கட்டும் என்றே சொல்வேன். மாற்றைத் தேடுவதும் நிற்கக்கூடாது. 2024-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன் வகைகளின் ஒரு முக்கிய நச்சை முறிக்கும் மனித எதிர்ப்புப் புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். அதைச் சோதித்ததும் சுண்டெலியில்தான். ஆனாலும் அது தேறினால் குதிரைக்கு விடுதலை. நம்ம மலையோர ரப்பர்த் தோட்டங்களில் இருக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியனுக்கு இப்போதுள்ள குதிரை மருந்து வேலை செய்யாது. புது வழி வந்தால் அதற்கும் சேர்த்து வரட்டும்.

எங்க அப்பாவுக்கு நாய் கடிச்சப்ப தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போட்டாவ. இப்ப அது இல்லையே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். விலங்கு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான். அந்த ஊசி மருந்தைச் செம்மறியாட்டின் மூளையிலிருந்து எடுத்தார்கள். ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியை ஏற்றி, மூளையை எடுத்து, அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து மனிதருக்குப் போட்டார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் இது நடந்தது. ஆட்டுக்கும் கொடுமை, மனிதருக்கும் ஆபத்து. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பக்கவாதமே வந்தது.

2004-ஓடு அந்த மருந்து நம் நாட்டில் நின்றது. இப்போது கையில் போடும் ஊசி செல் வளர்ப்பில், அதாவது உடம்புக்கு வெளியே ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் செல்களில், உருவாகிறது. பரவலாகப் பயன்படும் வீரோ செல்கள் 1962-இல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வாரிசுகள். அந்தச் செல்களே பெருகிப் பெருகி இன்றும் உலகத்துக்கு உதவுகின்றன. விலங்கைக் குறைத்தபோது மருந்தின் தரம் ஏறிய கதை இது.

கம்ப்யூட்டரும் ஏ.ஐ.யும் வந்தாச்சு. இன்னமும் எதுக்கு எலி?

பாதி இடங்களில் ஏற்கெனவே தேவையில்லாமல் ஆகிவிட்டது. கல்லூரியில் தவளை அறுத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுப்பதை நிறுத்தச் சொன்னது. மருந்தியல் மாணவர்களுக்கு புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் உண்டு. திரையிலேயே மருந்தைக் கொடுத்து முயலின் கண்மணி விரிவதைப் பார்க்கலாம். புதிய மருந்து ஆராய்ச்சியிலும் 2023-இல் இந்திய விதிகளைத் திருத்தி, மனித செல்களை வைத்துச் சிறு சில்லில் (சிப்) உருவாக்கும் உறுப்பு மாதிரி போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தார்கள். அமெரிக்காவும் 2022 டிசம்பரில் விலங்குச் சோதனைதான் வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்தது.

ஆனால் ஈரல் செல் மட்டும் உள்ள சில்லில் மூளைக்கு என்ன ஆகும், கருவிலுள்ள குழந்தைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. முழு உடம்பின் ஓட்டத்தைக் காட்ட இன்னும் கருவி வரவில்லை. செல் வளர்ப்பும் முழுக்கச் சைவமில்லை. அதில் ஊற்றும் ஊட்டநீர், இறைச்சிக்கு அறுக்கும் சினை மாட்டின் வயிற்றுக் கன்றிடமிருந்து எடுக்கும் ரத்தநீர். அதற்கும் மாற்றுகள் வந்துகொண்டிருக்கின்றன.

எலிக்குச் சரியானது மனுசனுக்கும் சரியாகும்னு என்ன நிச்சயம்?

நிச்சயம் இல்லை. தாலிடோமைடு மருந்தைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டு, 1961-இல் திரும்பப் பெறுமுன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. கர்ப்பிணி விலங்குகளில் அதை ஒழுங்காகச் சோதிக்கவில்லை. பிறகு சோதித்தபோதும் எலியில் பாதிப்புப் பெரிதாகத் தெரியவில்லை, முயலில் தெரிந்தது. 2006-இல் லண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்தார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள்.

இதிலிருந்து சிலர் விலங்குச் சோதனையே பயனற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன 1937 சம்பவத்தை மறந்துவிட வேண்டாம். முரட்டு விஷங்களை விலங்கு காட்டிக்கொடுக்கும். நுணுக்கமான வித்தியாசங்களில் ஏமாற்றும்.

சோப்பு, ஷாம்பூ, கண்மைக்கும் முயலைக் கொல்லுதாவளா?

இந்தியாவில் 2014 முதல் அழகுப்பொருளை விலங்கில் சோதிக்கத் தடை. அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் தடை. எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. கண்மைக்காக ஒரு முயலின் கண்ணைப் புண்ணாக்க எந்த நியாயமும் கிடையாது.

நம்ம சித்த மருந்தும் ஆயுர்வேதமும் எலியைக் கொல்லாமத்தானே வந்துச்சு?

பழைய நூல் முறைப்படி செய்யும் மருந்துக்கு லைசென்ஸ் வாங்க விலங்குச் சோதனை பொதுவாகக் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் புதிதாக ஒரு மூலிகையை, புதிய சாற்றை, புதிய நோய்க்குக் கொடுக்கப் போனால் அதுவும் மருந்துதான். அகத்தியமலைக் காணிமக்கள் களைப்புத் தெரியாமலிருக்கத் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காய் நினைவிருக்கிறதா? திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனத்தினர் 1987-இல் அதைக் காணிமக்களிடமிருந்து அறிந்து, சுண்டெலிகளில் சோதித்த பிறகே ஜீவனி என்ற மருந்தானது. தலைமுறை தலைமுறையாக மனிதர் தின்று தெரிந்த ஒன்றுக்கு எவ்வளவு எலி தேவை என்பது வேறு விஷயம். மனித அனுபவமும் ஒரு சான்று, அதை எடைபோட்ட பிறகு மிச்சச் சந்தேகத்துக்கு மட்டும் விலங்கிடம் போக வேண்டும் என்பது என் கருத்து.

தூக்குத் தண்டனைக் கைதி இருக்கானே, அவனுக்குக் குடுத்துப் பாத்தா என்ன? எலி என்ன தப்பு செஞ்சுது?

எலி தப்புச் செய்யவில்லை என்பது உண்மை. கேட்பவரின் இரக்கமும் புரிகிறது. ஆனால் கைதி சம்மதம் சொல்லும் இடத்தில் இல்லை. சிறையில் இருப்பவர் சொல்லும் சரி, பயத்தில் வருவதா ஆசையில் வருவதா என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது பதிலில் சொன்ன 1947 நெறிமுறை எழுத வேண்டிவந்ததே கைதிகளின் உடம்பைத் தொட்டதால்தான். அந்தக் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே தள்ளப்படுகிறவர்கள் பணமும் வக்கீலும் இல்லாதவர்களாக இருப்பார்கள்.

எங்க பதியில உயிர்ப்பலியே கூடாது. அப்ப இந்த மருந்தைச் சாப்பிட்டா பாவமில்லையா?

அய்யாவழிக் குடும்பத்து அம்மா ஒருவர் மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. பதி என்பது அவர்கள் கும்பிடும் இடம். சாமிக்குப் படைக்கும் பலியில் அந்த உயிரின் சாவே காணிக்கை. ஆய்வில் சாவை யாரும் விரும்புவதில்லை, அறிவைத்தான் தேடுகிறார்கள். இது ஒரு வேறுபாடு, ஆனால் முழு விடுதலை இல்லை. ஆனால் அந்த மாத்திரைக்கான சோதனை என்றோ முடிந்துவிட்டது. நீங்கள் சாப்பிடாமல் விட்டால் எந்த எலியும் திரும்பி வராது, உங்கள் ரத்த அழுத்தம்தான் ஏறும். மருந்தைத் தவறாமல் சாப்பிடுங்கள், உங்கள் பதியின் கொள்கையையும் விடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். உயிரின் மேல் உள்ள அந்த மதிப்பு இந்தக் குழுக்களுக்குள் வர வேண்டும்.

எலியைக் குறைக்கணும்னு சொல்லுறீங்க. அப்புறம் ஒரு மாணவரிடம் எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னீங்களாம்?

சொன்னேன். விலங்கைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது என்ற மூன்று கொள்கைகளை 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் எழுதினார்கள். உலகமே அதைப் பின்பற்றுகிறது. இதில் குறைப்பது என்பதை நிறையப் பேர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குறைவான எலியை எடுத்தால், அத்தனை எலியும் வலியை அனுபவித்தும் விடை வராது. மொத்தமும் வீண்.

வரும் விண்ணப்பங்களில் அநேகமாக ஒரே அமைப்பு: ஐந்து தொகுதி, தொகுதிக்கு ஆறு எலி, ஆக முப்பது. ஏன் ஆறு என்று கேட்டால், சீனியர் ஆய்வேட்டில் ஆறுதான் இருந்தது என்பார்கள். எவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்க்கிறீர்கள், அதைக் கண்டுபிடிக்க எத்தனை எலி வேண்டும் என்று புள்ளியியலில் கணக்குப் போட முடியும். போட்டால் சில நேரம் எட்டு வரும், சில நேரம் நாலு போதும். இன்னொன்று, மேலே சொன்ன பாத வீக்கத்தை அளப்பவருக்கு எந்த எலி மருந்து வாங்கியது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாக மருந்தின் பக்கம் சாயும். எந்த எலி எந்தத் தொகுதி என்பதையும் சீட்டுப் போட்டுப் பிரிக்க வேண்டும். இந்த இரண்டும் காசு செலவில்லாத வேலை. இதைக்கூடச் செய்யாத ஆய்வுக்கு ஒரு எலிகூடக் கொடுக்கக் கூடாது.

என் மனதை அதிகம் வருத்துவது இந்த இடம்தான். நொச்சி இலைச் சாறு வீக்கத்தைக் குறைக்கும் என்று எலியில் எத்தனையோ தடவை காட்டியாயிற்று. மறுபடியும் ஒரு பட்டத்துக்காக அதே நொச்சி, அதே காராஜீனன், அதே முப்பது எலி. ஆய்வேடு அலமாரியில் போய் உட்காரும். எந்த நோயாளிக்கும் ஒரு சொட்டு மருந்து வராது. வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செத்த ஆட்டுக்கு ஒரு பதில் சொல்ல முடியும், இந்த எலிகளுக்கு என்ன பதில்? சட்டப்படி எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தாலும் இதை நான் தவறென்றே சொல்வேன்.

மனுசனுக்கு அறிவு அதிகம், அதனால அவனுக்காக விலங்கை எடுக்கலாம்னு சொல்லுதாவ. அப்ப அறிவு வளராத பிள்ளையை என்ன சொல்லுவாவ?

கேட்டவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், கேள்வி கூர்மையானது. அறிவு அளவைக் காரணமாகச் சொன்னால், பிறந்த குழந்தையையும் நினைவு மங்கிய தாத்தாவையும் அந்தக் காரணம் காப்பாற்றாது. அதனால் நான் அந்தக் காரணத்தை ஏற்பதில்லை. வலி தெரிகிற உயிர் எதுவும் கணக்கில் வர வேண்டும், குரங்கானாலும் எலியானாலும்.

அப்படியானால் ஏன் ஒத்துக்கொள்கிறேன் என்றால், என்னிடம் இருக்கும் ஒரே காரணம் சொந்தம். நோயில் கிடக்கும் மனிதர் என் ஆள், அவரை விட்டுவிட என்னால் முடியவில்லை. இந்தக் காரணம் நியாயத்தை முழுதாக நிரப்பாது என்று தெரியும். மிச்சம் நிற்கும் அந்தக் குறைதான் கேள்வி கேட்கச் சொல்கிறது.

இவ்வளவு சொல்லுதீங்க, பிறகு எதுக்கு அங்க போய்க் கையெழுத்துப் போடுதீங்க?

நான் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வாய் திறக்காத ஒருவர் உட்காரலாம். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களும் உண்டு, மாற்றி எழுதி வந்தபின் போட்டவையும் உண்டு. போட்ட ஒவ்வொன்றிலும் எலிகளின் எண்ணிக்கை என் பெயருக்கு மேலே இருக்கிறது என்பது தெரிந்துதான் போடுகிறேன்.

என் மக எம்.ஃபார்ம் சேர்ந்திருக்கா. எலியைத் தொட மாட்டேன்னு அழுகா. படிப்பை நிறுத்திரவா?

வேண்டாம் அண்ணே. எம்.ஃபார்மில் விலங்கு தேவைப்படாத பிரிவுகள் நிறைய உண்டு: மருந்து தயாரிப்பு, மருந்தின் பகுப்பாய்வு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்தால் வரும் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் ஆய்வு. மருந்தியல் பிரிவே வேண்டுமென்றாலும் செல் வளர்ப்பிலும் கணினியிலும் செய்யும் தலைப்புகளைக் கேட்கலாம். தலைப்பு முடிவாகுமுன் வழிகாட்டியிடம் நேராகச் சொல்லச் சொல்லுங்கள். விண்ணப்பம் குழுவுக்கு வந்த பிறகு மாற்றுவது கஷ்டம். வழிகாட்டி கோபப்பட்டால் சட்டத்தில் விலங்கைத் தவிர்க்கச் சொல்லும் வாசகம் இருக்கிறது, அதைப் பணிவாகக் காட்டட்டும். அப்படியும் தலைப்பு மாறவில்லையென்றால் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.